குடைச்சாமிக்கு நேர்ந்த சேவல்

எங்கள் ஊர்ப் பாறையைப் பெருக்கிச் சுத்தமாக வைத்திருப்பவர் குப்பாயி அக்கா. அந்த வேலைக்கு அவரை யாரும் வைக்கவில்லை. நாமகிரிப்பேட்டை சாலையில் உள்ள கோழிப்பண்ணையில் காலையும் மாலையும் முட்டை பொறுக்குவதுதான் அவருடைய வேலை. நானும் அதே கொட்டகையில்தான் பொறுக்குகிறேன். இரண்டு வேளைக்கும் நடுவில் எங்களுக்கு மூன்று மணி நேரம் கிடைக்கும். மற்ற நாங்கள் எல்லாம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்வோம். குப்பாயி அக்கா தென்னந்துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பாறைக்குப் போய்விடுவார். அவருடைய வீட்டுச் சுவரும் என் வீட்டுச் சுவரும் ஒன்று. தன் வீட்டை அவர் அவ்வளவு அக்கறையாகப் பெருக்கி நான் பார்த்ததில்லை.

பாறைப்புதூருக்கு அந்தப் பாறைதான் அடையாளம். யானை படுத்திருப்பது போல ஊருக்கு மேற்கே கிடக்கும். அதன் வயிற்றில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அறைகள் குடைந்திருக்கிறார்கள். ஒவ்வோர் அறைக்கும் முன்னால் இரண்டு தூண்கள். வலது அறையின் உள்சுவரில் கண்ணை மூடிச் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பவர் குடைச்சாமி. அவர் தலைக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று குடைகள் செதுக்கியிருக்கும். இடது அறையில் சாமி இல்லை. வாசலில் மட்டும் ஒரு தடித்த ஆள், கதாயுதத்தின்மேல் கையை ஊன்றி, ஒரு காலை மடக்கி, கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர் போல நிற்கிறார். அவரை வாசல்காரர் என்போம்.

குடைச்சாமிக்கு வேண்டிக்கொண்டு காரியம் நடந்தால் குடை வாங்கி வைக்க வேண்டும். அதனால் வலது அறை முழுக்கக் குடைகள். கறுப்புக் குடை, பூப்போட்ட குடை, மடக்குக் குடை, உரக்கடை விளம்பரம் அச்சடித்த குடை. கல்யாணம் கூடியவர்கள் இரண்டாக வைப்பார்கள். இவற்றை எல்லாம் எடுத்து, தூசி தட்டி, வௌவால் எச்சத்தைத் துடைத்து, திரும்ப அடுக்குவது அக்காவின் பாடு. எவ்வளவு மழை கொட்டினாலும் அதிலிருந்து ஒரு குடையை யாரும் எடுக்க மாட்டார்கள். முந்நூறு குடைகளுக்குப் பக்கத்தில் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஊர் முழுக்க நனைந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

பெரிய வேண்டுதல் என்றால் குடையோடு சேவலும் உண்டு.

அக்காவின் வேண்டுதல் பெரியது. அவருக்கும் அவருடைய வீட்டுக்காரர் கந்தன் அண்ணனுக்கும் ஒன்றரை ஏக்கர் நிலம் இருக்கிறது. மரவள்ளி போட்டிருந்தார்கள். கிணறு வற்றி, குச்சிகள் காய ஆரம்பித்தபோது ஆழ்துளைக் கிணறு போடத் திருச்செங்கோட்டிலிருந்து போர் வண்டியை வரவழைத்தார்கள். போன வருடம் சித்திரை மாதம் அது. அறுநூறு அடி வரைக்கும் வெறும் புகைதான் வந்தது. ஊரே மாவு பூசிக்கொண்டது போல வெள்ளையாகிவிட்டது.

"ஏனுங்கக்கா, நிறுத்திரட்டுங்களா? கீழ போகப் போக ஒரே பாறையா இருக்குதுங்க" என்றார் வண்டிக்காரர்.

"இன்னும் ரெண்டு ராடு எறக்குங்க" என்று சொல்லிவிட்டு, அக்கா பாறைப் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார். "குடைச்சாமி, தண்ணி வந்தா சேவலு உனக்கு. வரலீன்னா நாளைக்கு எவளையாச்சும் கூப்புட்டுப் பெருக்கச் சொல்லிக்க."

அறுநூற்று முப்பத்தைந்தில் தண்ணீர் பீய்ச்சி அடித்தது.

நாமக்கல் மாவட்டத்தில் கோழிக்குப் பஞ்சம் இல்லை. எங்கள் கொட்டகையில் மட்டும் நாற்பதாயிரம் நிற்கின்றன. ஆனால் வேண்டுதலுக்குப் பண்ணைக் கோழி ஆகாது. நாட்டுச் சேவலைக் குஞ்சிலிருந்து வீட்டில் வளர்த்து, காலில் மஞ்சள் துணி கட்டி, சாமிக்கு என்று நேர்ந்துவிட வேண்டும். மஞ்சள் துணி கட்டிய சேவலை அடிக்கக் கூடாது, துரத்தக் கூடாது. வாசலுக்கு வந்தால் தானியம் போட வேண்டும். ஆடி கடைசி ஞாயிறு பாறையில் வெட்டுகிற வரைக்கும் அது சாமியின் சொத்து. அக்கா குஞ்சு வாங்கியபோது ஆடி நெருங்கிவிட்டது. கொண்டை விடாத குஞ்சை எப்படிக் கொடுப்பது என்று அடுத்த ஆடிக்குத் தள்ளிப் போட்டார்கள். அந்த ஒரு வருடத்தை எங்கள் ஊர் மறக்காது.

தன்னை அடிக்க யாருக்கும் உரிமை இல்லை என்பது அந்தச் சேவலுக்கு ஆறாவது மாதத்திலேயே தெரிந்துவிட்டது. காலையில் ஒன்பது மணிக்குத் தெருவில் இறங்கும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, நிலம் அளக்க வந்தது போல இடமும் வலமும் பார்த்துவிட்டு உள்ளே நுழையும். அதனால் தாசில்தார் என்று பெயர் வந்தது. தானியம் தரக்குறைவாக இருந்தால் கொத்தும். தரமாக இருந்தாலும் போகும்போது ஒரு கொத்து கொத்தும். ரேஷன் கடை வரிசையில் தாசில்தார் புகுந்தால் அரை நிமிடத்தில் வரிசை இருக்காது. பூசாரி மாரி அண்ணனை மட்டும் ஏழு முறை கொத்தியிருக்கிறது. அதில் ஒன்று எந்த இடம் என்று அவர் இன்றுவரை சொல்லவில்லை. ஒரு வாரம் நின்றுகொண்டே சாப்பிட்டார்.

"ஆடி வரட்டும், ஆடி வரட்டும்" என்று மாரி அண்ணன் சேவலைப் பார்த்துச் சொல்வார். நேர்ந்த சேவலைத் திட்டவும் கூடாது என்பதால் அதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்.

அதிகமாகக் கஷ்டப்பட்டவர் கந்தன் அண்ணன். விடிந்ததும் அவர் மாட்டுக்குத் தீவனம் வைக்கப் போயாக வேண்டும். தாசில்தார் கதவுக்கு வெளியே காத்திருக்கும். அண்ணன் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, சந்து வழியாக ஒரு சொம்புத் தண்ணீரை அதன் தலைமேல் ஊற்றுவார். அது சிலுப்பிக்கொண்டு நகர்கிற நேரத்தில் ஓடிவிடுவார்.

"அடிக்கத்தான கூடாது. தண்ணி ஊத்தக் கூடாதுன்னு யாரு சொன்னா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வதைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டிருக்கிறேன். அக்காவுக்கு இது தெரியாது. ஒரு மாதத்தில் சொம்பு பத்தாமல் குடம் ஆனது. பங்குனியில் வாளி. தாசில்தார் சிலுப்புவதையே விட்டுவிட்டது. கண்ணை மட்டும் ஒருமுறை மூடித் திறந்துவிட்டு நிற்கும். அதற்கப்புறம் அண்ணன் பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்து மாட்டுக்குப் போனார்.

இப்படி இருக்கும்போது ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சண்முகப்பிரியா டீச்சர் வந்தார். ஆத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறவர். பழைய கோயில்களை அளந்து எழுதுகிறார். கையில் ஒரு நோட்டு, கேமரா, மஞ்சள் நிற டேப்பு. அக்கா பெருக்கிக்கொண்டிருந்தார், நான் குடைகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

டீச்சர் முதலில் சாமியைப் பார்க்கவில்லை, தூணைத்தான் பார்த்தார். ஊரில் யாரும் தூணை அப்படிப் பார்த்ததில்லை.

"கீழ சதுரம், நடுவுல எட்டுப்பட்டை, மறுபடி மேல சதுரம்" என்று சொல்லி எழுதிக்கொண்டார். "நாமக்கல் மலையில குடைஞ்ச கோயில் இருக்கே, ஏறக்குறைய அந்தக் காலமா இருக்கும். ஆயிரத்து இருநூறு வருஷம் இருக்கலாம் அக்கா."

"எட்டுப்பட்டைன்னு எனக்குத் தெரியுமுங்க அம்மிணி" என்றார் அக்கா. "தொடைக்கறவளுக்குத் தெரியாதா? இந்தத் தூணுல மூணாவது பட்டை கொஞ்சம் அகலம். செதுக்குனவன் அன்னிக்குச் சரியா சாப்புடலையாட்ட இருக்குது."

டீச்சர் போய் அளந்தார். மூன்றாவது பட்டை ஒரு விரல்கடை அகலமாக இருந்தது. அதற்கப்புறம் அவர் அக்காவைக் கேட்காமல் எதையும் எழுதவில்லை.

இடது அறைக்குள் போனார்கள். உள்சுவர் முழுக்கக் குறுக்கும் நெடுக்கும் கோடு வெட்டி, கட்டம் கட்டமாகப் புடைத்துக்கொண்டு நிற்கும். அந்தச் சுவரைப் பார்த்து ஊரில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.

"இதென்னங்க, முட்டை அட்டை மாதிரி?" என்று அக்கா கேட்டார்.

"அப்படித்தான் குடைவாங்க அக்கா. மொதல்ல கட்டம் போட்டு, சுத்தி ஆழமா வெட்டிட்டு, நடுவுல நிக்கிற கல்லைத் தட்டி எடுத்துடுவாங்க. அடுத்தது இன்னொரு வரிசை. இப்படியே உள்ள போகணும். இங்க பாதியில விட்டுட்டாங்க." டீச்சர் விளக்கடித்துப் பார்த்தார். மூலையில் ஒரு விரிசல், அதன் ஓரமெல்லாம் பாசி. "தண்ணி கசிஞ்சிருக்கு. அதனாலதான் நிறுத்தியிருக்கணும். வாசல்ல நிக்கிற துவாரபாலகரைப் பார்த்தா சிவனுக்காக ஆரம்பிச்ச மாதிரிதான் தெரியுது. சாமி வர்றதுக்குள்ள வேலை நின்னுபோச்சு."

அக்கா விரிசலை ரொம்ப நேரம் பார்த்தார். "பாரு கண்ணு" என்று என்னிடம் சொன்னார். "வேண்டாங்கறவனுக்கு உளி வெச்ச எடத்துல தண்ணி. எனக்கு அறுநூத்து முப்பத்தஞ்சு அடி." பிறகு வாசல்காரரைத் திரும்பிப் பார்த்து, "அப்ப இந்த மனுசன் இத்தன வருசமா காலி ரூமுக்கா காவல் நிக்கறாரு?" என்றார். அவருக்கு உண்மையிலேயே வருத்தமாகிவிட்டது. அன்றைக்கு வாசல்காரரின் முழங்காலை இரண்டு தடவை துடைத்தார்.

வலது அறைக்கு வந்து டீச்சர் குடைச்சாமியைப் பார்த்தார். பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "முக்குடை" என்றார். "பக்கத்துல சாமரம் வீசறவங்களும் இருக்காங்க. இவர் சமணத் தீர்த்தங்கரர் அக்கா. ஒரே பாறையில, ஒரே மாதிரி தூண் வெச்சு, இந்தப் பக்கம் சமணக் கோயில், அந்தப் பக்கம் சிவன் கோயில். ஒரே கூட்டத்து ஆளுங்க ரெண்டையும் செதுக்கியிருந்தாக்கூட ஆச்சரியம் இல்லை."

"தீர்த்தங்கரருன்னா?"

"துறவி. எந்த உயிருக்கும் கெடுதல் செய்யக் கூடாதுன்னு சொன்னவங்க. நடக்கும்போது எறும்பை மிதிச்சிடக் கூடாதுன்னு தரையைப் பார்த்தே நடப்பாங்க. இருட்டினா சாப்பிட மாட்டாங்க, விளக்குல பூச்சி விழுந்து செத்துடுமேன்னு."

அக்கா கையில் இருந்த துடைப்பம் நின்றது. "எறும்பையே மிதிக்க மாட்டாருங்களா?"

"மாட்டார் அக்கா."

அந்த நேரத்தில் பின்னால் சரசரவென்று சத்தம் கேட்டது. தாசில்தார் வந்திருந்தது. தூணோடு நிறுத்தியிருந்த மஞ்சள் டேப்பை அது எந்த வகைப் புழு என்று நினைத்ததோ தெரியாது, நுனியைக் கவ்விக்கொண்டு வெளியே ஓடியது. டேப்பு முழுவதும் உருவி, பெட்டியும் டீச்சர் கையை விட்டுப் பறந்து, மரவள்ளிக் காட்டுக்குள் போய்விட்டது. தூணின் உயரத்தை டீச்சரால் எழுத முடியவில்லை. அந்த இடத்தை நோட்டில் காலியாக விட்டுவிட்டு ஊருக்குப் போனார். கெண்டைக்காலில் ஒரு கொத்தும் வாங்கிக்கொண்டுதான் போனார்.

அன்றிலிருந்து அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. முட்டை பொறுக்கும்போது அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிடுவார்.

"சேவலக் குடுக்கலீன்னா சொன்ன சொல்லு தவறிப் போவுது. போர்ல தண்ணி நின்னுரும். குடுத்தா, எறும்பக்கூட மிதிக்காத மனுசன் முன்னால கழுத்த அறுக்கறோம். அதுக்கும் நின்னுரும். நானு எக்கட்டாலதான் போறது, இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

டீச்சருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "ஏனுங்க அம்மிணி, இத்தன வருசமா சேவல வாங்கிக்கிட்டுத்தான இருந்தாரு? இப்ப மட்டும் வேண்டாங்கறாரா?"

டீச்சர் சொன்னார்: "அவர் வாங்கலை அக்கா. நாமதான் குடுத்தோம். அவர் கண்ணை மூடிக்கிட்டே இருந்தார். ஆனா உங்க வேண்டுதலைப் பத்திச் சொல்ல நான் யாரு? நான் தூணை அளக்க வந்தவ."

விஷயம் ஊருக்குள் பரவியது. குடைச்சாமி கறி தொடாத சைவம் என்றதும் பாறைப்புதூர் கலங்கிப்போனது. யாரும் சாமிக்காகக் கலங்கவில்லை. தாசில்தார் பிழைத்துவிடுமோ என்றுதான் கலங்கினார்கள்.

"அந்த டீச்சரம்மா அளக்க வந்தா அளந்துட்டுப் போவோணும்" என்றார் மாரி அண்ணன். "சாமி கறி திங்கறாரா இல்லையான்னு எந்த டேப்புல அளந்தாங்க? வேணும்னா ஒண்ணு பண்ணலாம் குப்பாயி. பக்கத்துல வாசல்காரரு நிக்கறாரு. ஆளு ஒடம்பப் பாரு. அவரு திங்காமயா அந்தத் தொடை வந்துச்சு? அவருக்கு வெட்டிரலாம்."

"வாசல்காரருக்கா நேந்தேன்? ஒருத்தருக்குச் சொன்னத இன்னொருத்தருக்குக் குடுக்கறதா? உனக்கு வெச்ச பால உன்ற பக்கத்து ஊட்டுக்காரன் குடிச்சா நீ உடுவியா?"

"அப்ப உத்தரவு கேட்டுரு. சாமியே சொல்லட்டும்."

உத்தரவு கேட்பது எங்கள் ஊர் வழக்கம். வெட்டுவதற்கு முன்னால் சேவல்மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் சாமி சரி என்று சொல்லிவிட்டார். சிலுப்பாவிட்டால் வெட்டக் கூடாது. நனைந்த சேவல் எதுவாக இருந்தாலும் சிலுப்பத்தான் செய்யும் என்பதால், எங்கள் சாமி மறுத்ததாக யாருக்கும் நினைவில்லை. மாரி அண்ணன் அதை நம்பித்தான் சொன்னார். அக்கா ஒத்துக்கொண்டார்.

ஆடி கடைசி ஞாயிறு, காலை பத்து மணிக்கு ஊர் முழுவதும் பாறைக்கு வந்துவிட்டது. கொத்து வாங்கிய எல்லோரும் முன் வரிசையில் நின்றார்கள். மாரி அண்ணன் கத்தியைத் தீட்டி வைத்திருந்தார். தாசில்தார் குடைச்சாமிக்கு முன்னால் வந்து, யாரும் பிடிக்காமலே நின்றது. அக்கா மஞ்சள் தண்ணீரை அள்ளித் தெளித்தார்.

தாசில்தார் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தது. அவ்வளவுதான்.

"கொஞ்சமாத் தெளிச்சுட்ட" என்றார் மாரி அண்ணன். ஒரு சொம்பு ஊற்றினார்கள். இரண்டு சொம்பு. ஒரு குடம். மஞ்சள் தண்ணீர் தீர்ந்து, வெறும் தண்ணீரில் இன்னொரு குடம் கொண்டுவந்தார்கள். சேவல் நனைந்து, உடம்பு ஒட்டிப்போய், பாதியாகத் தெரிந்தது. அசையவில்லை. பதினொரு மணி ஆனது.

"காத்துப் பட்டா சிலுப்புமுங்க" என்று யாரோ சொல்ல, நான்கு பேர் விசிறினார்கள். "சாமி, சிலுப்பு சாமி. நல்ல புள்ளையல்ல" என்று ரேஷன் கடைக்காரர் கெஞ்சினார். கடைசியில் மாரி அண்ணன் சேவலுக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, கையை மடக்கி இறக்கை போல வைத்துக்கொண்டு, தலையிலிருந்து இடுப்பு வரைக்கும் தானே சிலுப்பிக் காட்டினார். "இப்படி. இப்படிப் பண்ணோணும்." பூசாரி சிலுப்பியதைப் பார்த்துப் பின்னால் இருந்த இரண்டு பெண்கள் அவருக்குத்தான் சாமி வந்துவிட்டது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

நான் கந்தன் அண்ணனைப் பார்த்தேன். அவர் கூட்டத்தின் ஓரத்தில், எறும்பை மிதிக்கப் பயந்தவர் போலத் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். நானும் வாயைத் திறக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு அக்கா எழுந்தார். முகம் வெளுத்திருந்தது. "கத்திய வெச்சுருண்ணா. வேண்டாங்கறாரு."

"அப்ப உன்ற வேண்டுதலு? தண்ணி?"

அக்கா குடைச்சாமியை நேராகப் பார்த்தார். பண்ணையில் மேனேஜரிடம் பேசுகிற குரலில் பேசினார். "இங்க பாரு சாமி. தண்ணி வந்தா சேவலு உனக்குன்னு சொன்னேன். ஊரே கேட்டுச்சு. அறுத்துக் குடுக்கறேன்னு நானு சொல்லவே இல்ல. எல்லாரும் அறுத்தாங்க, நானும் அப்படியே நெனச்சுக்கிட்டேன். இந்தா, உசுரோட வெச்சுக்க. சொன்ன சொல்லு முடிஞ்சுது. தண்ணிய நிறுத்திராத."

குனிந்து தாசில்தாரின் காலில் இருந்த மஞ்சள் துணியை அவிழ்த்தார். ஒரு வருடத்துக்கும் மேலாக இருந்த கட்டு. கட்டு விட்டுப்போனதாலோ என்னவோ, தாசில்தார் அந்தக் காலைத் தூக்கி ஒரு உதறு உதறியது. பிறகு கொண்டையிலிருந்து வால் வரைக்கும் அப்படி ஒரு சிலுப்புச் சிலுப்பியது. இரண்டு குடம் தண்ணீரும் முன் வரிசையின் முகத்தில் விழுந்தது.

மாரி அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தார். "உத்தரவு ஆயிருச்சு" என்றார். அழுகிற குரலில் சொன்னார்.

மறுநாள் விடிந்ததும் அக்கா மோட்டாரைப் போட்டார். நானும் கூடப் போனேன். குழாய் முதலில் காற்றைத் துப்பியது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார், வலித்தது. பிறகு தண்ணீர் வந்தது. அவர் இரண்டு கையாலும் ஏந்திக் குடித்துவிட்டு, முட்டை பொறுக்க வந்துவிட்டார். கந்தன் அண்ணன் அன்றைக்கு முன்வாசல் வழியாக, நடந்தே மாட்டுக்குப் போனார்.

தாசில்தார் இப்போது பாறையில்தான் இருக்கிறது. வாசல்காரரின் கதாயுதத்துக்குப் பக்கத்தில் நிற்கும். தூணில் பெயர் கிறுக்க வந்தவர்கள், காலி அறையில் சீட்டாட வந்தவர்கள் யாரும் இரண்டாம் தடவை வரவில்லை. சாமி கும்பிட வருகிறவர்களையும் அது விடுவதில்லை. என்ன செய்வது என்று யோசித்த அக்கா, ஒரு நாள் குடைக் குவியலிலிருந்து நான்கு குடைகளை எடுத்து வெளியே வைத்துவிட்டார். ஊர் பதறியது. "அவரோட சேவலு கொத்துது. அவரோட குடைல தடுத்துக்கோங்க. திரும்ப வெச்சுட்டுப் போங்க, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டார். இப்போது எங்கள் ஊரில் நல்ல வெயிலிலும், முழங்காலுக்கு நேராகக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டுதான் எல்லோரும் சாமி கும்பிடுகிறார்கள்.

புரட்டாசியில் டீச்சர் புது டேப்போடு வந்தார். நோட்டில் தூணின் உயரம் இன்னும் காலியாக இருந்தது. அக்கா ஒரு பூப்போட்ட குடையை விரித்து டீச்சரின் காலுக்குக் காவல் பிடித்தார். டீச்சர் முக்காலியில் ஏறி, பெட்டியைத் தூண் உச்சியில் வைத்து, நுனியைக் கீழே விட்டார். தாசில்தார் குடையைச் சுற்றிக்கொண்டு வந்தது. தொங்கிய மஞ்சள் நுனியைப் பார்த்தது. கவ்வி, தரையோடு தரையாக இழுத்துப் பிடித்து நின்றது.

டீச்சர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.

"படிச்சுக்கங்க அம்மிணி, படிச்சுக்கங்க" என்றார் அக்கா மெதுவாக. பிறகு சேவலிடம் குனிந்தார். "அப்படியே புடிச்சுக்க சாமி. ஆட்டாத."